நீலச்சுடர் விழுந்த வெள்ளிக்கிழமை

போன மாதம் என் மகள் தன் வாட்ஸப் ஸ்டேட்டஸில் முகமூடி போட்ட ஒருவனின் படத்தை வைத்து, அதன் கீழே "ஆழ்ந்த இரங்கல்" என்று எழுதிவிட்டாள். கால் மணி நேரத்துக்குள் செம்பட்டியிலிருந்து என் நாத்தனார் பதறிப்போய்க் கூப்பிட்டார். "யாரு மதினி தவறுனது? மூஞ்சியே தெரியலையே!"

மகளிடம் கேட்டேன். சீரியலில் வரும் வீரனாம். கடைசிக்கு முந்தைய பகுதியில் ஊரைக் காப்பாற்றிவிட்டுச் செத்துப்போனானாம். அவள் கண் நிஜமாகவே சிவந்திருந்தது. முகம் தெரியாத எத்தனையோ பேர் அவளோடு சேர்ந்து புலம்பி எழுதிக்கொண்டிருந்தார்கள். சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். நானோ, "அத எடு. இப்பவே எடு" என்று கத்தினேன். கைபேசியைப் பிடுங்கக்கூடப் போனேன். "ஏம்மா இப்படி ஆயிட்ட?" என்றாள். அவளிடம் என்னால் சொல்ல முடியவில்லை. தலைச்சாயம் பூசி முடித்து, காதோரம் தப்பிய வெள்ளையைக் கண்ணாடியில் தேடிக்கொண்டிருக்கிற என் வயதுக்காரர்களே, உங்களிடம்தான் சொல்ல முடியும். வாரத்தில் ஒரு நாள் ஒரே ஒரு அரைமணி நேரத்துக்காக நாம் உயிரோடு இருந்த காலம் உங்களுக்குத்தான் தெரியும்.

எனக்கு அப்போது பத்து வயது. திண்டுக்கல்லில் எங்கள் தெருவுக்குக் கேபிள் வந்து அதிக நாள் ஆகவில்லை. கம்பம் கம்பமாகக் கறுப்பு வயர் தொங்கும், காக்கைகள் அதன்மேல் உட்காரப் பயப்படும். எங்கள் வீட்டில் டிவி கிடையாது. அப்பா எங்கள் கத்தோலிக்கக் கோயிலின் பங்குப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார், டிவி பார்க்கிற பிள்ளை உருப்படாது என்பது அவர் முடிவு. எங்கள் மாடியில் வாடகைக்குக் குடியிருந்த ஓர் அக்கா வீட்டில் இருந்தது. அக்காவின் கணவரை நாங்கள் அண்ணன் என்போம். லாரி ஓட்டுகிறவர். பேகம்பூர்ப் பக்கமிருந்து பதப்படுத்திய தோல் ஏற்றிக்கொண்டு வடக்கே போனால் திரும்பி வர வாரக்கணக்காகும். வந்தவுடன் வீடெல்லாம் டீசலும் தோலும் சேர்ந்த ஒரு வாசம் அடிக்கும். அக்காவுக்குத் துணையாக இருக்கட்டுமென்று அவர்தான் அந்த டிவியை வாங்கிப் போட்டார். அக்கா அப்போது ஆறு மாதக் கர்ப்பிணி. நத்தம் பக்கத்துப் பெண். தாய் தகப்பன் இல்லை, சித்தப்பா வீட்டில் புளி உடைத்து வளர்ந்தவர்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் 'நீலச்சுடர்' போடுவார்கள். நீங்களும் பார்த்திருப்பீர்கள், இல்லையென்றால் அதுபோல வேறொன்றைப் பார்த்திருப்பீர்கள். பகலில் கடிகாரம் ரிப்பேர் பார்க்கும் அப்பாவி, பெயர் செல்வராஜ். ஆபத்து வந்தால் கண்ணை மூடி மூச்சை அடக்குவான், உள்ளங்கையில் நீல நெருப்பு எரியும், அவ்வளவுதான், வானத்தில் இருப்பான். அட்டையில் செய்த மலை, பருத்தியில் செய்த மேகம். இடுப்பில் கட்டிய கயிறு சில சமயம் தெரியும், தெரிந்ததாக நாங்கள் யாரும் ஒப்புக்கொள்ள மாட்டோம். அவன் அநாதை ஆசிரமத்தில் வளர்ந்தவன். அவனுக்கென்று உலகத்தில் ஒருவரும் இல்லை. இதை அவன் வாரம் ஒருமுறையாவது சொல்லுவான். சொல்லும்போதெல்லாம் நான் திரைக்கு இன்னும் கிட்டே நகர்ந்து உட்காருவேன். அப்பாவின் பழைய துண்டு ஒன்றைச் சொட்டு நீலத்தில் முக்கி முதுகில் கட்டிக்கொண்டு மாடிப்படியிலிருந்து குதித்தவள் நான். கழுத்தெல்லாம் நீலம் ஏறி, ஒரு வாரம் தேய்த்தும் போகவில்லை.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. அண்ணனின் பெயரும் செல்வராஜ்தான். அக்கா புருஷன் பெயரைச் சொல்ல மாட்டார். டிவியில் யாராவது "செல்வராஜ்!" என்று கூப்பிட்டால் அக்கா வெட்கப்பட்டு வாயைப் பொத்திக்கொள்வார், தெருப் பிள்ளைகள் எல்லாம் 'ஓ' என்று கத்துவோம். கதையை எங்களிடம் பேசும்போது, "ஒங்க ஆளு இன்னைக்கு என்ன பண்ணப் போறானோ" என்பார். ஆனால் எங்கள் வாயில் அண்ணன் எப்போதும் அண்ணன்தான். செல்வராஜ் என்றால் எங்களுக்கு அவன் ஒருவன்தான்.

அது ஒரு வெள்ளிக்கிழமை, அன்றைய பகுதி முடியப்போகிற நேரம். அணைக்கட்டை உடைக்க வில்லன் ஒரு ஜீப் நிறைய வெடிகுண்டு வைத்திருந்தான். நீலச்சுடரின் கையில் நெருப்பு வரவில்லை. எங்கோ அடைத்துவைத்து அவன் சக்தியை உறிஞ்சியிருந்தார்கள். வெறும் செல்வராஜாக ஓடி வந்து, ஜீப்பில் ஏறி, அதை ஓட்டிக்கொண்டு மலை உச்சிக்குப் போனான். குதித்துவிடு, குதித்துவிடு என்று நாங்கள் கத்தினோம். அவன் குதிக்கவில்லை. வண்டியோடு விழுந்தான். கீழே புகை. அவன் கழுத்துத் துணி மட்டும் காற்றில் ஆடி ஆடி இறங்கியது. எழுத்து ஓட ஆரம்பித்துவிட்டது.

ஒருவரும் எழுந்திருக்கவில்லை. எதிர்வீட்டுப் பையன் தரையில் கவிழ்ந்து படுத்துவிட்டான். அக்கா முந்தானையை வாயில் வைத்து அழுதார். "சொல்லி அழக்கூட ஆளில்லாம போயிட்டானே" என்றார். அன்று ராத்திரி என் தட்டில் இருந்த சோறு காய்ந்துபோனது. தொட்டுக்கொள்ள வைத்த வெஞ்சனம் பிடிக்கவில்லையா என்று அம்மா கேட்டாள். அப்பா வயிற்றுக்குப் பூச்சி மருந்து கொடுக்கச் சொன்னார்.

அது நவம்பர் மாதம். கல்லறைத் திருநாள் முடிந்து, செத்தவர்களுக்காக வேண்டிக்கொள்ளும் மாதம். மறுநாள் சனிக்கிழமை ஞான உபதேச வகுப்பில் சிஸ்டர் ஒன்று சொன்னார். "நெறைய ஆத்துமாக்களுக்கு வேண்டிக்க யாருமே இல்ல. அதுக காத்துக்கிட்டே இருக்கும். அதுகளுக்கு யாரு வேண்டிக்கிறது? நாமதான்." வகுப்பில் மற்றவர்கள் என்ன நினைத்தார்களோ தெரியாது. எனக்கு அந்தப் புகையும், ஆடி ஆடி இறங்கிய துணியும்தான் தெரிந்தன.

வகுப்பு விட்டதும் கோயில் வராந்தாவுக்குப் போனேன். அங்கே பங்குச் சாமியாருக்கு உதவியாக இருக்கும் உபதேசியார் உட்கார்ந்து, ஞாயிற்றுக்கிழமை பூசையில் வாசிக்க, இறந்தவர்களின் பெயரை ஒவ்வொரு குடும்பமாகக் கேட்டு எழுதிக்கொண்டிருந்தார். நல்ல மனிதர். காது குத்துக்கும் சாவுக்கும் ஒரே வேகத்தில் சைக்கிள் மிதித்துப் போகிறவர்.

"என்ன பாப்பா?"

"பேரு குடுக்கணும். செல்வராஜ்."

அவர் பென்சில் நின்றது. "எந்தச் செல்வராஜ்? மாடி வீட்டுச் செல்வராஜா?"

மாடி வீட்டில் தெரிகிற செல்வராஜ்தானே. "ஆமா" என்றேன்.

"ஐயோ, என்னத்தா சொல்ற! எப்ப?"

"நேத்து சாயங்காலம். மலைல இருந்து வண்டியோட விழுந்துட்டாரு."

அவர் எழுந்துவிட்டார். என் தோளைப் பிடித்துக்கொண்டார். "மாடி வீட்டுப் புள்ளைக்குத் தெரியுமா?"

"தெரியுமே. அக்காதேன் ரொம்ப அழுதாங்க. பேரு குடுக்க வேற ஆளு இல்லைல்ல, அதேன் நான் வந்தேன்."

வயிற்றுப் பிள்ளைக்காரி தனியாக இருக்கிறாள், சின்னப் பிள்ளையை அனுப்பியிருக்கிறாள் என்று அவர் புரிந்துகொண்டார். இன்று நினைத்தால், என் பதிலில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை.  அவர் என் நெற்றியில் சிலுவை போட்டு அனுப்பினார். அக்காவைப் போய்ப் பார்க்க வேண்டுமென்றுதான் அவரும் நினைத்தாராம். ஆனால் அன்று மாலை சாமியாரோடு ஒரு கிளைக் கிராமத்துப் பூசைக்குப் போக வேண்டியிருந்தது. போகிற வழியில் செய்தியைச் சாமியாரிடம் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை காலை நல்ல மழை. கோயிலுக்குள் ஈரக் குடைகளின் வாசமும் மெழுகுத்திரி வாசமும். நான் அம்மாவோடு பெண்கள் பக்கம் முன்வரிசைத் தரையில் உட்கார்ந்திருந்தேன். பெயர்களை வாசித்து முடித்து, சாமியார் சற்று நிறுத்தினார். "நம் பங்கைச் சேர்ந்த அன்புச் சகோதரர் செல்வராஜ், மலைப் பாதையில் வாகனத்தோடு விழுந்து இறைவனடி சேர்ந்துவிட்டார் என்ற துயரச் செய்தி நமக்குக் கிடைத்திருக்கிறது" என்றார்.

நம் பங்கைச் சேர்ந்தவர்! எனக்கு உடம்பு சிலிர்த்தது. ஒருவரும் இல்லாதவனை எங்கள் பங்கு ஆள் என்று சாமியாரே சொல்லிவிட்டார். கைகளைக் கூப்பி, முதுகை நிமிர்த்தி உட்கார்ந்துகொண்டேன். பின்னால் பெண்கள் "ஐயையோ" என்றார்கள். இத்தனை பேரும் நீலச்சுடர் பார்க்கிறார்களா என்று பெருமையாகத் திரும்பிப் பார்த்தேன். அப்போதுதான் அண்ணனின் அம்மா, இளைய மகனோடு வேறு தெருவில் குடியிருந்தவர், நடுவரிசையில் மார்பில் அறைந்துகொண்டு கத்தினார். அப்படி ஒரு சத்தத்தை நான் அதற்கு முன் கேட்டதில்லை.

பூசை எப்படி முடிந்ததோ. சாமியார் அடுத்த ஊர்ப் பூசைக்கு மோட்டார் சைக்கிளில் கிளம்பிவிட்டார். உபதேசியாரும், "மாடி வீட்டுப் புள்ளைக்கு நேத்தே தெரியும்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பின்னால் ஏறிப் போய்விட்டார். விசாரித்துக்கொள்ள ஆளில்லை, விசாரிக்கத் தேவையும் இல்லை, பலிபீடத்திலிருந்து சாமியாரே சொல்லிவிட்டாரே. அண்ணனின் தம்பி லாரி ஆபீசுக்கு ஓடினார். ஞாயிற்றுக்கிழமை, பூட்டியிருந்தது. பெண்கள் கூட்டம் மழையோடு எங்கள் தெருவுக்குத் திரும்பியது. "லாரி மலையில கவுந்துருச்சாம்" என்று யாரோ சொன்னது காதில் விழுந்தபோதுதான் எனக்கு விளங்கியது. காலில் இருந்த செருப்பு தெருச் சேற்றில் சிக்கிக்கொண்டது. அதை விட்டுவிட்டு ஓடி அம்மாவின் சேலையைப் பிடித்தேன்.

"அம்மா, அது நீலச்சுடர்மா. அண்ணன் இல்லம்மா."

அம்மா நிற்கவே இல்லை. "எந்த நேரத்துல என்ன பேச்சு பேசுற!" என்று என் வாயிலேயே ஒன்று வைத்தாள்.

அக்கா அன்று உடம்புக்கு முடியாமல் கோயிலுக்கு வரவில்லை. முறத்தில் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். படியேறி வந்த கூட்டத்தைப் பார்த்து, "என்னத்தே, இம்புட்டுப் பேரு?" என்று சிரித்தபடி எழுந்தார். மாமியார் நேரே போய் அவர் தலையிலிருந்த பூவைப் பிய்த்து எறிந்தார். "எம்புள்ளைய முழுங்கிட்டு வெங்காயம் உரிக்கிறியாடி! நேத்தே தெரியுமாமே ஒனக்கு!"

அக்காவுக்கு அழக்கூடத் தெரியவில்லை. கையில் வெங்காயத்தோடு ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தார். பிறகு அப்படியே சுவரோடு சரிந்து உட்கார்ந்தார். பெண்கள் வட்டமாக உட்கார்ந்து ஒப்பாரி எடுத்தார்கள். வளையலைக் கழற்றச் சொல்லி ஒரு குரல், இப்போது வேண்டாம், உடம்பு வரட்டும் என்று இன்னொரு குரல்.

நான் மாடிப்படி வளைவில் ஒடுங்கி நின்றேன். லாரி ஆபீசிலிருந்து வந்த அண்ணனின் தம்பி அங்கேதான் தன் அம்மாவைக் கூப்பிட்டுப் பேசினார். பேச்சு மெதுவாகத்தான் ஆரம்பித்தது.

"அண்ணன் பாடியக் கொண்டார ஏற்பாடு பண்ணணும். இவள என்னத்தா பண்றது?"

"நத்தத்துக்கு அனுப்பிரு. சித்தப்பன் வீடுன்னு ஒன்னு இருக்குல்ல."

"வயித்துல இருக்கே."

"இருந்தா? வரும்போதே தாய் தகப்பன முழுங்கிட்டு வந்தவ. அதையும் அவுகளே பாத்துக்கட்டும். டிவிய மட்டும் நம்ம வீட்டுக்கு எடுத்துட்டுப் போயிரு, எம்புள்ள வாங்குனது."

ஒப்பாரி ஓய்ந்திருந்த நேரம் அது. நான் மேலே பார்த்தேன். வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு அக்கா நின்றிருந்தார். தண்ணீர் குடிக்க வந்தாரோ, மூச்சுக்காக வந்தாரோ. அவர் கண் என் கண்ணைப் பார்த்தது. அவர்கள் இருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

நான் கீழே ஓடினேன். அடுத்த ஊர்ப் பூசை முடிந்து திரும்பிய உபதேசியார், கோயிலில் விட்டிருந்த சைக்கிளை எடுத்துக்கொண்டு இங்கே வந்துகொண்டிருந்தார். ஹாண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு, அழுகையும் விக்கலுமாகச் சொன்னேன். "அண்ணன் சாகல. டிவில வர்ற செல்வராஜுதேன் செத்தாரு. நீலச்சுடர். அவருக்குத்தேன் பேரு குடுத்தேன்."

அவருக்கு முதலில் புரியவில்லை. இன்னொரு முறை சொல்லச் சொன்னார். சொன்னேன். மழையில் நனைந்திருந்த எங்கள் வீட்டுப் படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். வேட்டி ஈரமாவது அவருக்குத் தெரியவில்லை. "நாடகத்துலயா?" என்றார். "ஆமா" என்றேன். அவர் என்னைத் திட்டவில்லை. மெதுவாக எழுந்து மேலே போனார்.

மேலே அவர் விஷயத்தைச் சொல்வது கேட்டது. பிறகு எல்லாரும் ஒரே சமயத்தில் கத்தினார்கள். செத்தவன் பிழைத்துவிட்ட சந்தோஷத்தை விட, ஏமாந்துபோன கோபம்தான் பெரிதாக இருந்தது. அந்த அமளியில்தான் அக்காவுக்கு வயிற்று வலி எடுத்தது. ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அண்ணன் நாக்பூர்ப் பக்கம் நல்லபடியாக இருக்கிறார் என்று மறுநாள் லாரி ஆபீசில் சொன்னார்கள். பிள்ளைக்கும் ஒன்றும் ஆகவில்லை. நாலைந்து நாள் படுக்கையில் வைத்திருந்து அனுப்பினார்கள்.

அண்ணன் வியாழக்கிழமை வந்து சேர்ந்தார். கதையைக் கேட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். தெருமுனை டீக்கடையில் அவரை "வாங்க நீலச்சுடர்" என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். அவரும் உள்ளங்கையை நீட்டிக் காட்டுவார். அவர் இல்லாத அந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டில் என்ன நடந்தது என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. அவர் அம்மா அவருக்குக் கோழி அடித்துக் குழம்பு வைத்துக் கொடுத்தார்.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும் அப்பா என்னைக் கையைப் பிடித்து முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார். பொய் சொன்னதற்கு மன்னிப்புக் கேட்க வேண்டும். "நான் பொய் சொல்லலப்பா" என்று முந்தின நாள் முழுக்கச் சொன்னேன். வாத்தியார் வீட்டுப் பிள்ளை என்பதால்தான் நம்பினார்கள், அந்தப் பெயர் போனது போனதுதான் என்றார். பிள்ளை பொய் சொன்னாள் என்று ஆகிவிட்டால் உபதேசியார் தப்பித்துக்கொள்வார் என்றும் அப்பா கணக்குப் போட்டிருந்தார் என்று பல வருடம் கழித்து அம்மா சொல்லித் தெரிந்தது. நல்ல எண்ணம்தான். ஆனால் நான் ஏன் அந்தப் பெயரைக் கொடுத்தேன் என்று அவர் அன்றும் கேட்கவில்லை, சாகிறவரையும் கேட்கவில்லை.

"நான் பொய் சொல்லிட்டேன். எல்லாரும் என்னை மன்னிச்சிருங்க."

மைக்கில் என் குரல் யார் குரலோபோல் இருந்தது.  ஆண்கள் பக்கத்திலிருந்து யாரோ "நீலச்சுடர் ஆத்துமா சாந்தியடையட்டும்" என்றார்கள். அவ்வளவுதான், கோயிலே சிரித்தது. சாமியார் சிரித்தார், சிஸ்டர்மார்கள் முக்காட்டுக்குள் சிரித்தார்கள், அம்மாகூட உதட்டைக் கடித்துக்கொண்டாள். என் காது எரிந்தது. சிரிக்காதவர் இருவர்தான். ஒருவர் உபதேசியார், தூண் ஓரத்தில் தலையைக் குனிந்து நின்றார். அதன் பிறகு பெயர் எழுதும் வேலையை அவரிடம் தரவில்லை. இன்னொருவர் அக்கா. வயிற்றில் கையை வைத்தபடி எழுந்து, எல்லாருக்கும் நடுவே நடந்து வெளியே போய்விட்டார். நான் செய்ததைத் தாங்க முடியாமல்தான் போகிறார் என்று நினைத்தேன்.

நீலச்சுடர் சாகவில்லை என்று மறுநாள் பள்ளிக்கூடத்தில்தான் தெரிந்தது. போன வெள்ளிக்கிழமை பழைய பகுதியையே மறுபடி போட்டார்களாம், வரும் வெள்ளிக்கிழமை அவன் திரும்பி வருகிறானாம், விளம்பரத்தில் காட்டிவிட்டார்களாம். பிள்ளைகள் குதித்தார்கள். அவன் செத்தேபோயிருக்கலாம் என்று நான் நினைத்தேன். அப்படி நினைத்ததும் வெட்கமாக இருந்தது, இரண்டு வெட்கமும் ஒன்றின்மேல் ஒன்றாக உட்கார்ந்துகொண்டன.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் நான் போகவில்லை. தெருப் பிள்ளைகளும் போகவில்லை, அவரவர் வீட்டில் தடுத்துவிட்டார்கள். அம்மா ஒரு கிண்ணத்தில் கொய்யாப்பழம் நறுக்கிக் கொடுத்து, "மாடியில கொண்டு குடுத்துட்டு வா. உள்ள போகாத" என்றாள். அண்ணன் மறுபடி லாரியோடு போயிருந்தார். கதவு திறந்திருந்தது. அக்கா தனியாக, கால் நீட்டி உட்கார்ந்து, டிவி பார்த்துக்கொண்டிருந்தார். திரையில் புகைக்குள்ளிருந்து ஒரு கை, அதில் நீல நெருப்பு.

"வந்துட்டான் பாரு ஒங்க ஆளு" என்றார், என்னைத் திரும்பிப் பாராமல்.

நான் நிலைக்கு வெளியே கிண்ணத்தோடு நின்றேன். "அக்கா, என்னாலதேன்..." என்று ஆரம்பித்தேன். 

அக்கா டிவியின் சத்தத்தைக் குறைத்தார். "அன்னைக்குப் படியில நீயும் நின்ன. நீயும் கேட்டேல்ல?"

தலையாட்டினேன்.

"அவருகிட்ட நான் சொல்லல. பெத்த தாயிகிட்ட கோழிக்குழம்பு தின்னுட்டு வந்து சிரிச்சுக்கிட்டு இருக்க மனுசன்கிட்ட என்னத்தச் சொல்ல?" வயிற்றைத் தடவிக்கொண்டார். "ஒன் மேல கோவமில்ல பாப்பா. அவரு திரும்பி வந்துட்டாரு. எங்காதுல விழுந்ததுதேன் திரும்பிப் போக மாட்டேங்குது."

கோயிலில் எல்லாரும் சிரித்ததைக்கூட நான் அதன் பிறகு எப்படியோ தாங்கிக்கொண்டேன். இதைத் தாங்க நாற்பதைத் தாண்டியும் தெரியவில்லை.  குனிந்து கிண்ணத்தை வாசலிலேயே வைத்தேன். அக்கா எழுந்திருக்க முடியாமல் கையை நீட்டினார். உள்ளே போகக் கூடாது என்று அம்மா சொன்னது நினைவிருந்தது. இருந்தும் உள்ளே போய், கிண்ணத்தை அவர் கையில் கொடுத்துவிட்டு, திரையைப் பார்க்காமல் படியிறங்கி வந்தேன்.